தொண்ணூற்றாறாம் பக்கம்

இராமையா பிறந்தது 1964ஆம் ஆண்டு ஆவணி மாதம், இலங்கை மலையகத்தில் டிக்கோயாவுக்கு மேலே உள்ள முட்டுக்கல் தேயிலைத் தோட்டத்தின் மேற்பிரிவில், மூன்றாம் லயத்து வரிசை வீட்டின் நான்காவது காம்பரா அறையில். தகப்பன் தேயிலைச் செடிக்குக் கவ்வாத்து வெட்டியவர், தாய் கொழுந்தெடுத்தவர். தோட்டப் பாடசாலையில் எட்டாம் வகுப்புவரை படித்தார். பதினேழு வயதில் தோட்டத் தொழிலாளியாகப் பெயர் பதிந்தார். முப்பத்தொரு வயதில் கங்காணியானார். ஐம்பத்தைந்தில் ஓய்வு பெற்றார். மனைவி லெட்சுமி. மகன் கொழும்பில் துணிக்கடை ஒன்றில் வேலை. மருமகளும் பேத்தியும் தோட்டத்தில் அவரோடே. மகள் உடப்புசல்லாவையில் வாழ்க்கைப்பட்டவர். குடிப்பழக்கம் இல்லை. எந்த வழக்கிலும் பெயர் இல்லை. ஒரு புத்தகம் வைத்திருந்தார்.

புத்தகத்தின் பெயர் ‘மேற்பிரிவின் மனிதர்கள்’. எழுதியவர் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து ஒன்பது ஆண்டுகள் தோட்டப் பாடசாலையில் கற்பித்த பாலச்சந்திரன் மாஸ்டர். அச்சானது 1980இல், முந்நூறு பிரதிகள். அவற்றில் பன்னிரண்டு தோட்டத்துக்கு வந்தன. பாடசாலை அலமாரியிலிருந்த மூன்றைக் கறையான் தின்றது. சில மழையில் போயின. மற்றவை போன இடம் தெரியவில்லை. எஞ்சியது இராமையாவின் பிரதி ஒன்றே.

1981இல் மாஸ்டர் மாற்றலாகிப் போனபோது, அந்த வாரம்தான் பெயர் பதிந்திருந்த இராமையாவைக் கூப்பிட்டு, முதல் தாளில் கையெழுத்திட்டுக் கொடுத்தார்.

“தம்பி, இதை வைச்சிரு. நேரம் கிடைக்கேக்க வாசி. உங்கட ஆக்களின்ர கதைதான்.”

அன்று மாலையே இராமையா விரித்துப் பார்த்தார். தாள்கள் ஒன்றோடொன்று விளிம்பில் ஒட்டியிருந்தன. சிறிய அச்சகங்கள் சில வேளைகளில் மடித்த தாள்களைத் தைத்து, ஓரம் வெட்டாமலே அனுப்பிவிடுவது உண்டு. பதினேழு வயதுப் பையனுக்கு அது தெரியாது. புத்தகத்தில் கத்தி வைப்பது சரஸ்வதிக்கு ஆகாது என்று தாய் சொன்னார். யாரிடமாவது கேட்டிருக்கலாம். எட்டாம் வகுப்போடு நின்றவன் புத்தகத்தைத் திறக்கவும் தெரியாதவன் என்று சிரிப்பார்கள் என எண்ணிக் கேட்கவில்லை. மஞ்சள் துணியில் சுற்றி வைத்தார். சரஸ்வதி பூசைக்கு அது கவ்வாத்துக் கத்திக்குப் பக்கத்தில் அமர்ந்து பொட்டு வாங்கிக்கொள்ளும். பிறகு அலமாரிக்குத் திரும்பிவிடும். இப்படிப் பதினைந்து ஆண்டுகள்.

1996ஆம் ஆண்டு மாசி மாதம் கோயில் தேர் எந்தப் பிரிவுக்கு முதலில் போவது என்று மேற்பிரிவுக்கும் கீழ்ப்பிரிவுக்கும் தகராறு வந்தது. காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் கூட்டம். கீழ்ப்பிரிவார் சத்தமாகப் பேசினார்கள். மேற்பிரிவார் பக்கம் வாய் திறப்பார் இல்லை. புதிதாகக் கங்காணியான இராமையா வீட்டுக்கு ஓடிப்போய் மஞ்சள் துணிப் பொட்டலத்தை எடுத்து வந்து, கொழுந்து நிறுக்கும் மடுவத்தின் படியில் ஏறி நின்றார்.

“மாஸ்டர் எழுதி வச்சிட்டுப் போயிருக்காரு. மொதமொத இந்த மலையில காடு வெட்டித் தோட்டம் போட்டது மேப்பிரிவுதான். இருபத்திரண்டு குடும்பம். தொண்ணூத்தாறாம் பக்கத்துல இருக்கு. சந்தேகம் இருக்கிறவன் வந்து வாசிச்சுப் பாக்கட்டும்.”

ஒருவரும் வரவில்லை. தேர் மேற்பிரிவுக்கே முதலில் போனது.

இருபத்திரண்டு என்ற எண் எங்கிருந்து வந்தது என்பதை அவர் பிற்காலத்தில் மறைக்கவில்லை. படியில் நின்று கீழே பார்த்தபோது எதிரே நின்ற மேற்பிரிவுக் குடும்பத் தலைவர்களை எண்ணினார். தம்மையும் சேர்த்து இருபத்திரண்டு பேர். ஆண்டு தொண்ணூற்றாறு என்பதால் பக்கத்துக்கும் அதே எண் வாயில் வந்தது. அன்று களத்தில் நின்றவர்களே அந்த இருபத்திரண்டு குடும்பத்தார் ஆனார்கள். அன்றைக்குக் கூட்டத்தில் இல்லாத ஒருவர் இரண்டாம் லயத்து மாரிமுத்து. காலில் கவ்வாத்துக் கத்தி பட்டு டிக்கோயா ஆஸ்பத்திரியில் கிடந்தார்.

அதன்பின் அந்தப் பக்கத்துக்குக் கால் முளைத்தது. கல்யாணப் பத்திரிகைகளில் ‘இருபத்திரண்டு குடும்பத்தார்’ என்று அச்சடித்தார்கள். தொழிற்சங்கக் கூட்டங்களில் தலைவர்கள் ‘தொண்ணூற்றாறாம் பக்கத்திலே பொன்னெழுத்தால் பொறிக்கப்பட்டிருக்கிறது’ என்றார்கள். பாடசாலைப் பேச்சுப் போட்டியில் பிள்ளைகள் மனப்பாடமாக ஒப்பித்தார்கள். விளையாட்டுக் கழகம் தன் பெயரையே ‘டுவென்டி டூ’ என்று வைத்துக்கொண்டது. எந்த விழாவானாலும் இராமையாவுக்கு முன்வரிசையில் ஒரு நாற்காலி உண்டு. புத்தகத்தைக் காட்டச் சொல்லி யாராவது கேட்டால், “பழைய தாளு, கை பட்டா உதுந்துரும்” என்பார். கேட்டவரும் துணியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போய்விடுவார்.

2024இல் வீட்டுத் திட்டம் வந்தது. மேற்பிரிவில் இருபத்தொன்பது குடும்பங்கள்; முதற்கட்டமாக இருபத்துநான்கு வீடுகள். யாருக்கு என்பதைத் தோட்டத்துச் சங்கமே தீர்மானித்துப் பட்டியல் தர வேண்டும் என்று பிரதேச செயலகத்தில் சொன்னார்கள். சங்கத் தலைவி பூரணி அரை மணி நேரத்தில் முடித்துவிட்டார். ஆதிக் குடும்பங்கள் இருபத்திரண்டுக்கும் ஒவ்வொன்று. கோயில் ஐயருக்கு ஒன்று. பாலர் பாடசாலை டீச்சருக்கு ஒன்று. பட்டியலின் முதல் பெயர் இராமையா.

மாரிமுத்துவின் மகள் ஜீவராணி மற்ற நான்கு குடும்பங்களோடு பட்டியலுக்கு வெளியே நின்றார். நாற்பத்துநான்கு வயது, கொழுந்தெடுப்பவர், கணவர் விட்டுப்போனவர், மகள் தனுஷிகாவோடு இரண்டாம் லயத்தில் இருந்தார். முந்தைய ஆண்டு மழையில் அவருடைய காம்பராவின் பின்சுவர் கையளவு பிளந்து, சவுக்குக் கட்டை ஒன்றின் தயவில் நின்றுகொண்டிருந்தது. ஒரு புதன்கிழமை பின்னேரம், கூடையை இறக்கிய கையோடு அவர் இராமையாவின் வீட்டு இஸ்தோப்புத் திண்ணைக்கு வந்தார்.

“வாம்மா, ஒக்காரு.”

“ஒக்கார வரல மாமா. லிஸ்ட்டுல எம் பேரு இல்லியாம். இருபத்திரண்டு குடும்பத்துல நாங்க இல்லியாம். புத்தகத்துல இல்லியாம்.”

இராமையா செருப்பைச் சரிசெய்தார்.

“எங்கப்பா சாவுற வரைக்கும் சொல்லிக்கிட்டு இருந்தாரு, மாஸ்டரு அவர ஒக்கார வச்சுக் கேட்டுக் கேட்டு எழுதுனாருன்னு. பேரப் போடாமயா எழுதியிருப்பாரு?”

“பெரிய மனுசங்க ஆயிரம் சொல்லுவாங்க.”

“அப்ப அந்த ஒரு பக்கத்த மட்டும் காட்டிருங்க. எனக்குக் கண்ணு தெரியலன்னா எம் மவ வாசிப்பா, ஏ லெவல் படிக்குது. பேரு இல்லன்னா நான் அதுக்கப்பறம் வாயத் தெறக்கல. செவுரு எம்மேல விழுந்தாலும் தெறக்கல.”

“புத்தகம் இப்ப இங்க இல்லம்மா. ஹட்டன்ல சரிபுதீன் கடைக்குப் பைண்டிங்குக்குக் குடுத்திருக்கேன்.”

“நல்லதாப் போச்சு. வெள்ளிக்கெழம எனக்கு அரை நாளு. அங்கேயே வந்து போட்டோ கொப்பி எடுத்துக்கறேன்.”

ஜீவராணி படியிறங்கினார். உள்ளேயிருந்து லெட்சுமியின் குரல் வந்தது.

“பைண்டிங்குக்குப் போயிருச்சா? அப்ப அலமாரியில மஞ்சத் துணியச் சுத்திக்கிட்டுத் தூங்குறது யாரு, ஒங்க தங்கச்சியா?”

“சும்மா இருடி.”

“நான் சும்மாதான் இருக்கேன், கழுத்த நீட்டுன நாள்லருந்து. காட்டிட்டா என்னா கொறஞ்சு போயிரும்?”

சொன்ன பொய்யை மெய்யாக்க இராமையாவுக்கு இருந்தது ஒரு நாள். வெள்ளி காலை முதல் பஸ்ஸில் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு ஹட்டனுக்குப் போனார்.

சரிபுதீனின் கடையில் பயிற்சிக் கொப்பிகள், பைண்டிங், கல்யாண அட்டை, போட்டோ கொப்பி எல்லாம் உண்டு. துணியை அவிழ்த்ததும் சரிபுதீன் எழுந்தே நின்றுவிட்டார்.

“மேப்பிரிவு புத்தகமா அண்ணே? எத்தன கலியாணக் கார்டுல இதப் பத்தி அடிச்சிருக்கேன்! கண்ணால பாக்குறது இதுதான் மொத தடவ.”

அட்டையைத் தடவினார். நடுவில் விரலை விட்டுப் பிரிக்கப் பார்த்தார். விரல் போகவில்லை. வெளிச்சத்தில் உயர்த்திப் பிடித்துப் பார்த்தார்.

“இதென்ன அண்ணே, ஓரம் வெட்டவே இல்லியே! இத எப்புடி வாசிச்சீங்க? இடுக்கால எட்டிப் பாத்தா?”

சிரித்தவர் இராமையாவின் முகத்தைக் கண்டதும் நிறுத்திக்கொண்டார். “சரி சரி, நான் ஒண்ணும் கேக்கல. மெசினுல வச்சா ஒரே வெட்டு.”

“வேணாம். கையால வெட்டுங்க.”

சரிபுதீன் இரும்பு அடிமட்ட அளவுகோலை மடிப்புக்குள் செலுத்தி இழுத்தார். ஒவ்வொரு மடிப்பாகத் தாள் விடுபட்டது. உள்ளே காகிதம் அச்சான அன்றைப்போலவே வெள்ளையாகக் கிடந்தது. வெளிவிளிம்பு மட்டும் தேநீர் நிறம். வேலை முடிந்ததும், கொப்பி இயந்திரத்தருகே இருந்த மகள் ரினோஸா கையை நீட்டினாள்.

“எந்தப் பக்கம் அங்கிள்?”

“தொண்ணூத்தாறு.”

அந்த எண்ணைத் தாமே உண்டாக்கினார் என்பதை அவர் மறந்திருந்தார் என்று எழுதினால் அது சரியாகாது. இருபத்தெட்டு ஆண்டுகள் அதை நினைத்துப் பார்க்காமல் இருந்தார் என்பதே சரி. இத்தனை பேர் இத்தனை மேடையில் சொல்லும்போது, அப்படி ஏதோ ஒன்று அங்கே இருந்துதான் ஆக வேண்டும் என்றொரு நம்பிக்கை அவருக்குள்ளும் ஊறியிருந்தது.

ரினோஸா கடைசித் தாள்வரை புரட்டினாள். “அங்கிள், எண்பத்தெட்டோட முடிஞ்சிருச்சே. மிச்சம் எங்க?”

சரிபுதீன் வாங்கி முதுகைப் பார்த்தார். “தாளு ஒண்ணும் கழறல. நூலு அப்புடியே இருக்கு. முழுப் புத்தகமும் இவ்வளவுதான் அண்ணே.”

இராமையா வாசலோர வாங்குப் பலகையில் அமர்ந்து, தம் அறுபதாவது வயதில், அந்தப் புத்தகத்தை வாசிக்கத் தொடங்கினார். மழை எவ்வளவு பெய்தது, எந்த லயத்தில் எத்தனை பிள்ளைகள் காய்ச்சலில் இறந்தார்கள், எந்தக் குடும்பம் எந்தத் தோட்டத்திலிருந்து வந்ததாகச் சொல்கிறது, எவர் சொல் எவர் சொல்லோடு முரண்படுகிறது என்பதையெல்லாம் மாஸ்டர் அலங்காரமின்றி எழுதியிருந்தார். ஏழாம் பக்கத்தில் இப்படி இருந்தது: ‘இப்பிரிவுக்கு முதலில் வந்தவர்கள் எவர் என்பதை அறிய ஆறு ஆண்டுகள் முயன்றேன். என்னால் இயலவில்லை. முதலில் வந்தோம் என்று சொல்லாத குடும்பம் இங்கு இல்லை. அதை நிறுவக்கூடிய குடும்பமும் இல்லை.’ நாற்பத்தோராம் பக்கத்தில், 1951இல் பாடசாலை தொடங்கியபோது சேர்ந்த பதினொரு பிள்ளைகளின் பெயர்கள், பழைய பதிவேட்டிலிருந்து எடுத்து எழுதப்பட்டிருந்தன. இராமையா தம் தகப்பன் பெயரைத் தேடினார். இல்லை.

ஒரு மணி பஸ்ஸில் ஜீவராணி வந்தார். இராமையா நாற்பத்தோராம் பக்கத்தை விரித்துக் கொடுத்தார். ஜீவராணி வரிக்குக் கீழே விரலை வைத்து, எழுத்துக் கூட்டி வாசித்தார்.

“மாரிமுத்து. வயது ஏழு. தகப்பன் சின்னக்கண்ணு. ரெண்டாம் லயம், மூணாவது காம்பரா.” நிமிர்ந்தார். “இதே காம்பரா மாமா! நான் சொன்னேன்ல? இருக்குல்ல?”

“இருக்கும்மா.”

“அந்தத் தொண்ணூத்தாறையும் சேத்துக் கொப்பி எடுத்துருவோம். ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுக் காட்டணும்.”

“அப்புடி ஒரு பக்கம் இல்லம்மா.”

“கிழிஞ்சு போச்சா?”

“இல்ல. எப்பவுமே இல்ல.”

ஜீவராணி புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டார். “அப்ப அத யாரு சொன்னது?”

“நான்தான்.”

கடைக்குள் ரினோஸா இயந்திரத்தை நிறுத்திவிட்டாள். ஜீவராணி ஏசவில்லை, ஏசியிருந்தால் எளிதாக இருந்திருக்கும். சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஒன்றே ஒன்று கேட்டார்.

“ஞாயித்துக்கெழம கூட்டத்துல எல்லாரு முன்னாடியும் இதச் சொல்லுவீங்களா?”

“சொல்றேன்.”

சொன்னார். பாலர் பாடசாலைக் கட்டடத்தில், இருபத்தொன்பது குடும்பங்களும் கூடியிருந்தபோது எழுந்து நின்று, புத்தகம் எண்பத்தெட்டுப் பக்கம்தான் என்றும், இருபத்திரண்டு என்பது தம் வாய்க்கணக்கு என்றும் சொன்னார். நிறுத்தாமல் சொல்லி முடித்தார்.

முதலில் பேசியவர் விளையாட்டுக் கழகத்து இளைஞர் ஒருவர். “கங்காணி, ஜேர்சியெல்லாம் அடிச்சாச்சு. இப்ப வந்து நம்பர மாத்தச் சொல்றீங்களா?”

சிரிப்பு எழுந்தது. சிரிப்பு அடங்கியதும், அது வேறு பதிப்பாக இருக்கும் என்றார் ஒருவர். பெரிய பதிப்பு ஒன்று யாழ்ப்பாணத்தில் இருப்பதாக இன்னொருவர் சொன்னார். மூலையிலிருந்து ஒரு முதியவர் எழுந்தார். “அந்தப் பக்கத்த நான் என் ரெண்டு கண்ணால வாசிச்சிருக்கேன். நடுவுல ஒரு கோயில் படம்கூட இருக்கும்.” அவருக்குக் கையெழுத்துப் போடமட்டுமே தெரியும் என்பது அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். ஒருவரும் சிரிக்கவில்லை.

“இந்தாங்க, இத வாசிங்க” என்று ஜீவராணி கொப்பித் தாளை நீட்டினார். அது நான்கு கை மாறித் திரும்பி வந்தது. “பள்ளிக்கூடத்துல பேரு இருந்தா ஆதிக் குடும்பமாயிருமா?” என்றது ஒரு குரல். “கங்காணி சொன்னாத்தான் வேதம், மாஸ்டரு எழுதுனா வெறும் காயிதமா?” என்று ஜீவராணி கேட்டார்.

கூட்டம் கலைந்தபின் பூரணி இராமையாவைத் தனியே நிறுத்தினார்.

“அண்ணே, நீங்க சொல்றது மெய்யின்னு எனக்குத் தெரியாமயா இருக்கு? ஆனா அந்த இருபத்திரண்ட எடுத்துட்டா வேற எதை வச்சு ஆளத் தேர்ந்தெடுக்கறது? இருபத்தொம்பது குடும்பமும் ஒருத்தர் முடிய ஒருத்தர் பிடிச்சுக்கிட்டு நிக்கும். நாளைக்கு லிஸ்ட்டு போகலன்னா வீடெல்லாம் அடுத்த தோட்டத்துக்குப் போயிரும். அந்தப் பாவத்த நான் சுமக்கணுமா?”

“அப்ப ஜீவராணி?”

“அடுத்த கட்டத்துல பாப்போம்.” பூரணி பேனையை எடுத்தார். “நீங்க ஒங்க பேர விட்டுக் குடுக்கிறீங்களா? சொல்லுங்க, இப்பவே வெட்டி அவ பேர எழுதறேன்.”

இராமையாவின் கண்ணுக்கு மருமகளும் பேத்தியும் படுக்கும் மூலை தெரிந்தது. ‘வெட்டுங்க’ என்று அவர் சொல்லவில்லை. பூரணி பட்டியலை மடித்துக் கைப்பைக்குள் வைத்தார்.

செவ்வாய்க்கிழமை இராமையா பிரதேச செயலகத்துக்குப் போனார். தம் கையால் எழுதிய இரண்டு பக்கக் கடிதத்தையும், ஏழாம் பக்கம், நாற்பத்தோராம் பக்கம் இரண்டின் கொப்பிகளையும் கொண்டு போயிருந்தார். வீட்டுத் திட்டத்துக்குப் பொறுப்பான உத்தியோகத்தர் சிவனேஸ்வரி, யாழ்ப்பாணத்தவர், கடிதத்தை இரண்டு முறை வாசித்தார்.

“உங்கட பிழையெண்டு நீங்களே எழுதியிருக்கிறியள் ஐயா. இப்பிடி ஒருத்தரும் எழுதித் தந்ததில்லை.”

“இருக்கறதத்தான் எழுதுனேங்க.”

“போன வருசம் உங்கட தோட்டத்து விழாவில நானும் பேசினனான். அந்தத் தொண்ணூற்றாறாம் பக்கத்தைச் சொல்லித்தான் தொடங்கினனான்.”

“புத்தகத்தப் பாத்திருக்கீங்களாம்மா?”

சிவனேஸ்வரி பேனையை மூடினார். “இல்லை ஐயா. எனக்கு முதல் பேசினவர் சொன்னதைக் கேட்டுத்தான் சொன்னனான்.”

கடிதத்தில் திகதி முத்திரை இட்டுக் கோப்பில் சேர்த்தார். பட்டியலைச் சங்கம்தான் மாற்றித் தர வேண்டும் என்றும், தம்மால் மாற்ற ஏலாது என்றும் சொன்னார். அடுத்த கட்டம் எப்போது என்று இராமையா கேட்டார். அது தமக்குத் தெரியாது என்றார்.

அவ்வாண்டு சரஸ்வதி பூசையில் கவ்வாத்துக் கத்தி தனியே பொட்டு வைத்துக்கொண்டது. புத்தகம் ஜீவராணியிடம் இருந்தது. கேட்டு வாங்கியது அவர். திருப்பிக் கேட்க இராமையாவுக்கு வாய் எழவில்லை. ஜீவராணி அதைத் துணியில் சுற்றவில்லை. தனுஷிகாவின் பாடப் புத்தகங்களோடு, பிளந்த சுவரிலிருந்து தள்ளி, கட்டிலின் தலைமாட்டில் வைத்திருந்தார். இராமையா அந்த லயத்தைக் கடக்கும்போது அவர் “மாமா” என்று கூப்பிடுவது நின்றுபோயிற்று. கண்டால் தலையசைப்பார், அவ்வளவே.

2025 சித்திரையில் இருபத்துநான்கு வீடுகளும் கையளிக்கப்பட்டன. வாழைமரம் கட்டி, மேளம் வைத்து, வெளியிலிருந்து வந்த விருந்தினர் ஒருவர் நாடா வெட்டினார். மேடையேறியதும் அவர் சொன்ன முதல் வாக்கியத்தில் தொண்ணூற்றாறாம் பக்கம் இருந்தது. கைதட்டல் வெகுநேரம் நீடித்தது. முன்வரிசை நாற்காலியில் இராமையா இரு கைகளையும் தொடைகளுக்கடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் இருந்த லெட்சுமி அவர் முழங்கையை இடித்து, “தட்டுங்க, எல்லாரும் பாக்குறாங்க” என்றார். அவர் தட்டவில்லை. எழுந்தும் போகவில்லை. பெயர் கூப்பிட்டபோது முதல் ஆளாகப் போய்ச் சாவியை வாங்கிக்கொண்டார்.

ஜீவராணி அன்று மலைக்கு வேலைக்குப் போயிருந்தார். அந்த வாரம் அவருடைய சுவரில் சவுக்குக் கட்டைக்குப் பக்கத்தில் இன்னொரு கட்டை நட்டார்கள். இராமையாவின் கடிதம் கோப்பில் இருக்கிறது. அதற்குப் பதில் வரவில்லை.

சின்னக்கண்ணு, மாரிமுத்து, ஜீவராணி, தனுஷிகா. இரண்டாம் லயம், மூன்றாவது காம்பரா. பதிவால் நிறுவக்கூடிய காலம்: 1951 முதல் எழுபத்துநான்கு ஆண்டுகள்.